கோனி 2012: உருக்கமான வீடியோ வந்தால் கிறிஸ்தவர் யாரிடம் விசாரிப்பது?

போர், பஞ்சம், கடத்தல், வெள்ளம் என்று ஏதாவது ஒன்றைக் காட்டி "உடனே பகிருங்கள், உடனே கொடுங்கள்" என்று கேட்கும் வீடியோக்கள் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஓயாமல் வருகின்றன. பகிர்ந்தால் ஏமாந்துவிடுவோமோ என்று ஒரு பயம். பகிராவிட்டால், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன லேவியனாகிவிடுவோமோ என்று ஓர் உறுத்தல். இந்தக் குழப்பத்துக்குப் பொதுவான புத்திமதியைவிட, தொடக்கம் முதல் முடிவு வரை பதிவாகியிருக்கும் ஓர் உதாரணம் அதிகம் உதவும். 'கோனி 2012' அப்படிப்பட்டது.

என்ன நடந்தது

2012 மார்ச் 5 அன்று, அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலிருந்து இயங்கிய இன்விசிபிள் சில்ட்ரன் என்ற தொண்டு நிறுவனம் யூடியூபில் ஏறக்குறைய 30 நிமிட வீடியோ ஒன்றை வெளியிட்டது. ஆறே நாளில் 10 கோடி பார்வைகள். அதுவரை வேறெந்த வீடியோவும் அவ்வளவு வேகத்தில் அந்த எண்ணைத் தொட்டதில்லை. நிறுவனர்கள் சுவிசேஷக் கிறிஸ்தவப் பின்னணியில் வந்தவர்கள். அமெரிக்கக் கல்லூரிகளிலும் சபைகளிலும் படம் திரையிட்டே வளர்ந்த நிறுவனம் அது. அதனால் அந்த வாரம் வீடியோவைப் பகிர்ந்தவர்களில் கிறிஸ்தவ இளைஞர்கள் ஏராளம்.

வீடியோ கேட்டது மூன்று காரியங்கள்: பகிருங்கள், 30 டாலருக்குக் கைப்பட்டையும் சுவரொட்டியும் அடங்கிய பெட்டியை வாங்குங்கள், ஏப்ரல் 20 இரவு உங்கள் ஊர்ச் சுவர்களையெல்லாம் ஜோசப் கோனி என்ற உகாண்டா கிளர்ச்சித் தலைவனின் முகத்தால் நிரப்புங்கள். அவனை உலகமே அறிந்துவிட்டால் அந்த வருடமே பிடிபட்டுவிடுவான் என்பதுதான் அதன் வாதம்.

ஏப்ரல் 20 வந்தபோது பெரும்பாலான நகரங்களில் ஒரு சிறு கூட்டமே திரண்டது. கோனி இன்றுவரை பிடிபடவில்லை.

எல்.ஆர்.ஏ. என்பது என்ன

கோனி வடக்கு உகாண்டாவின் அச்சோலி இனத்தைச் சேர்ந்தவன். 1980களின் பிற்பகுதியில் அவன் தொடங்கிய ஆயுதக் குழுவின் பெயர் 'லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி', அதாவது கர்த்தரின் எதிர்ப்புப் படை, சுருக்கமாக எல்.ஆர்.ஏ. உகாண்டாவைப் பத்துக் கட்டளைகளின்படி ஆளப்போவதாகச் சொன்னது. கடத்தி வந்த பிள்ளைகளின் மேல் ஷீ என்ற மரக்கொட்டையின் எண்ணெயால் சிலுவை வரைந்து 'சுத்திகரித்தது'. நம்முடைய சின்னங்கள் எவ்வளவு கொடிய கையிலும் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட வேதனையான சாட்சி தேவையில்லை.

இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் மிக முக்கியம்: படையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கடத்தப்பட்ட பிள்ளைகள். பத்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பிடிபட்ட பையன், இருபது வயதில் வேறு பிள்ளைகளைக் கடத்துகிறவனாக ஆக்கப்படுகிறான். பாதிக்கப்பட்டவனும் குற்றவாளியும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். சபை இந்தப் போரை எப்படிப் பார்த்தது, வீடியோ எப்படிப் பார்த்தது என்ற வித்தியாசம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

வீடியோ எங்கே தவறியது

1. காலமும் இடமும். எல்.ஆர்.ஏ. 2006 வாக்கிலேயே உகாண்டாவை விட்டுப் போய்விட்டது. அதன்பின் அது காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, தெற்கு சூடான் எல்லைக் காடுகளில் திரிந்தது. 2012இல் அதில் எஞ்சியிருந்தவர்கள் சில நூறு பேர். கடத்தப்பட்டதாக வீடியோ சொன்ன 30,000 பிள்ளைகள் என்பது கால் நூற்றாண்டுக் கணக்கு. பார்த்தவர்களோ அத்தனை பேரும் இன்று காட்டில் இருப்பதாக நினைத்தார்கள். அந்த நேரத்தில் வடக்கு உகாண்டாவின் கிட்கும், பாதேர் பகுதிகளில் பிள்ளைகளை வாட்டியது வேறொன்று: தலை தானாக ஆடி ஆடித் தொங்கும், காரணம் தெளிவாகாத 'நாடிங்' நோய். உலகத்தின் பார்வை அதன் மேல் படவில்லை.

2. பணம். முந்தைய நிதியாண்டில் நிறுவனம் செலவிட்டது சுமார் 87 லட்சம் டாலர். அதில் நேரடிச் சேவைக்குப் போனது 32 சதவீதம்தான் என்றார்கள் விமர்சகர்கள். 80 சதவீதம் திட்டங்களுக்கே போனது என்றது நிறுவனம். இரண்டுமே ஒரே கணக்கேட்டிலிருந்து வந்தவை! படம் எடுப்பதையும் ஊர் ஊராகத் திரையிடுவதையும் 'திட்டம்' என்று எண்ணினால் 80. அங்குள்ள மனிதரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும் எண்ணினால் 32. ஏமாற்று இல்லை, நிறுவனம் கணக்கை மறைக்கவும் இல்லை. ஆனால் 30 டாலர் கொடுத்த மாணவன் அது காட்டில் உள்ள பிள்ளைக்குப் போகிறது என்று நினைத்தான். "எத்தனை சதவீதம் திட்டத்துக்கு?" என்று மட்டும் கேட்டால் போதாது, "திட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

3. தீர்வு. இதுதான் ஆழமான தவறு. கோனியைப் பிடிக்க உகாண்டா ராணுவத்துக்கு அமெரிக்க ஆலோசகர்கள் துணை நிற்க வேண்டும் என்றது வீடியோ. ஏற்கெனவே 2011 அக்டோபரில் சுமார் 100 பேரை அமெரிக்கா அனுப்பியிருந்தது. ராணுவ வழிக்கு ஒரு வரலாறும் இருந்தது. 2008 டிசம்பர் 14 அன்று காங்கோவின் கராம்பா காட்டிலிருந்த முகாம்களை உகாண்டா விமானங்கள் தாக்கின. கோனி தப்பிவிட்டான். பழிவாங்க அவன் ஆட்கள் அடுத்த சில வாரங்களில் காங்கோ கிராமங்களில் 800க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஆராதனை முடிந்து கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூடியிருந்த ஜனங்களும் அதில் அடக்கம். குண்டு விழும் முகாமில் இருப்பதும் கடத்தப்பட்ட பிள்ளைகள்தான் என்பதை அச்சோலித் தாய்மார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் அந்தக் குரலுக்கு இடமில்லை.

அங்கே ஏற்கெனவே இருந்த சபை

1996 அக்டோபர் 10, விடியுமுன். வடக்கு உகாண்டாவின் அபோக்கே என்ற ஊரில், புனித மரியாள் கல்லூரி என்ற பெண்கள் பள்ளியின் விடுதியிலிருந்து 139 மாணவிகளை எல்.ஆர்.ஏ. இழுத்துச் சென்றது. துணைத் தலைமையாசிரியையான இத்தாலியக் கன்னியர் ரகேலே ஃபசேரா, ஓர் ஆசிரியரை மட்டும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் அவர்கள் பின்னாலேயே நடந்தார். தளபதியைக் கண்டு கெஞ்சினார். அவன் ஒரு குச்சியால் மண்ணில் எண்களை எழுதிக் காட்டினான்: 139இல் 109 பேர் உனக்கு, 30 பேர் எனக்கு. முப்பது பேரை விட்டுவிட்டு 109 பேரோடு அவர் திரும்ப நேர்ந்தது.

அந்த முப்பதில் ஒருத்தியின் தாய் ஏஞ்சலினா அட்யாம், ஒரு மருத்துவச்சி. மற்றப் பெற்றோருடன் சேர்ந்து சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டால் உன் மகளை விடுகிறோம் என்று கிளர்ச்சியாளர்கள் தூது விட்டார்கள். எல்லாப் பிள்ளைகளையும் விடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். மகள் திரும்பி வந்தது 2004இல். அந்தத் தாய் வருடக்கணக்கில் சுமந்ததோடு ஒப்பிட, ஒரு வீடியோவைப் பகிரும் வேலை எவ்வளவு இலேசானது!

1990களின் பிற்பகுதியிலேயே கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் ஆயர்களும் முஸ்லிம் தலைவர்களும் சேர்ந்து அச்சோலி சமயத் தலைவர்கள் சமாதான முயற்சி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் முன்னின்ற ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் பேராயர் மெக்லியோட் பேக்கர் ஒச்சோலாவின் மனைவி 1997இல் கண்ணிவெடியில் இறந்தவர். அப்படி இழந்த பிறகும் அவர் மன்னிப்பையே கேட்டார். ஆயுதத்தைக் கீழே போட்டு வருகிறவனுக்கு மன்னிப்பு வழங்கும் சட்டம் 2000இல் உகாண்டாவில் வந்ததற்கு இந்த அமைப்பின் உழைப்பு ஒரு பெரிய காரணம். அந்தச் சட்டத்தின் கீழ் 12,000க்கும் மேற்பட்ட எல்.ஆர்.ஏ. ஆட்கள் வீடு திரும்பினார்கள். எந்த ராணுவ நடவடிக்கையும் அத்தனை பேரைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரவில்லை.

கடத்தலுக்குப் பயந்து, ஒவ்வொரு மாலையும் பாயைச் சுருட்டிக்கொண்டு பத்தாயிரக்கணக்கான பிள்ளைகள் கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு நடந்து வந்து கடைத் திண்ணைகளில் படுத்தார்கள். 2003 ஜூனில் குலு மறைமாவட்டக் கத்தோலிக்கப் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமாவும் மற்றச் சமயத் தலைவர்களும் அந்தப் பிள்ளைகளோடு தொடர்ந்து நான்கு இரவுகள் குலு பேருந்து நிலையத்தில் தரையில் படுத்துறங்கினார்கள். உலகத்தின் கவனத்தைத் திருப்ப அவர்களும் முயன்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரம் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் செய்த விளம்பரத்தில் பிள்ளைகள் நடுவில் இருந்தார்கள், ஆயர்கள் பக்கத்தில் படுத்திருந்தார்கள்.

இதோடு ஒரு தேதியையும் சேர்த்துப் பார்க்கலாம். 2012 மே மாதம், மன்னிப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதியை உகாண்டா அரசு காலாவதியாக விட்டது. வீடியோவால் அப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கானோர் கோனியின் பெயரைத் தெரிந்துகொண்ட இரண்டே மாதத்தில் நடந்த இதை அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டார்கள்? உள்ளூர்ச் சமயத் தலைவர்களும் சமூக அமைப்புகளும் போராடி, அடுத்த வருடம் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

லீராவில் விழுந்த கற்கள்

வீடியோ வெளியாகி எட்டாம் நாள், வடக்கு உகாண்டாவின் லீரா நகரத்தில் உள்ளூர் இளைஞர் அமைப்பு ஒன்று அதைத் திறந்த வெளியில் திரையிட்டது. போரில் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். தங்கள் கதையைப் பார்க்க வந்தவர்களுக்குத் திரையில் தெரிந்தது பெரும்பாலும் ஓர் அமெரிக்கத் தந்தையும் அவருடைய சின்ன மகனும். தங்கள் பிள்ளைகளைக் கொன்றவனின் பெயர் சட்டையிலும் கைப்பட்டையிலும் அச்சாகி விற்பனைக்கு வந்திருந்தது. கூட்டம் கொதித்தது, கற்கள் பறந்தன, அடுத்த ஊர்களில் போடவிருந்த காட்சிகள் நிறுத்தப்பட்டன.

எந்த வேண்டுகோளுக்கும் லீரா ஒரு நல்ல உரைகல். இதில் காட்டப்படும் மனிதர் நம் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் தலை குனிவாரா, இது என் கதைதான் என்பாரா? வெட்டுக்காயத்தோடு ஒரு குழந்தையின் முகத்தை அனுப்புகிறவர், தன் பேரப்பிள்ளையின் முகத்தை அப்படி அனுப்புவாரா என்று யோசித்தால் போதும்.

பவுல் பணம் சேர்த்த விதம்

ஆதிச் சபையிலும் இப்படி ஒரு வேண்டுகோள் பரவியது. பஞ்சம் வரப்போகிறது என்று அகபு சொன்னதும் அந்தியோகியா சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்தார்கள் (அப்போஸ்தலர் 11). அனுப்பியது யாருக்கு? யூதேயாவிலிருந்த மூப்பர்களுக்கு. எருசலேமில் ஏற்கெனவே இருந்த சபையைத் தாண்டி நேரே தெருவில் கொடுக்க அவர்கள் ஆள் அனுப்பவில்லை.

பிறகு பவுல் எருசலேமுக்காகச் சேர்த்த பெரிய தர்மப்பணத்தைப் பற்றி 1 கொரிந்தியர் 16லும் 2 கொரிந்தியர் 8, 9லும் வாசிக்கும்போது ஒரு நல்ல பொருளாளரின் குறிப்பேடு போலவே இருக்கிறது:

1. வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்க வேண்டும். நான் வந்தபிறகு சேர்க்கத் தொடங்க வேண்டாம் என்கிறார். தன் பேச்சின் சூட்டில் பணம் விழுவதை அவரே தடுக்கிறார்.

2. பணத்தை எடுத்துச் செல்லும் ஆட்களைச் சபைகள் தெரிந்தெடுக்க வேண்டும். பவுல் தனியாகத் தொடவில்லை.

3. இவ்வளவு பெரிய தொகையில் ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு எச்சரிக்கையாக இருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் என்கிறார். "ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு" என்று யாராவது சொன்னால், இந்த வசனத்தைத் திறந்து காட்டலாம்.

4. விசனமாயும் வேண்டாம், கட்டாயமாயும் வேண்டாம். "இதைப் பகிராதவன் கிறிஸ்தவனே அல்ல" என்று முடியும் செய்தி கட்டாயம் அல்லாமல் வேறென்ன?

நீதிமொழிகள் 18:17 இன்னொன்றையும் சேர்க்கிறது: தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான் போலக் காணப்படுவான், அயலான் வந்து பரிசோதிக்கும் வரைக்கும். வைரல் வீடியோ என்பது முதலில் பேசுகிறவன். அதன் அயலான் அந்த ஊரில் இருக்கிறான்.

வேண்டுகோள் வந்தால் செய்யும் வரிசை

முதல் படி, அடுத்த ஞாயிறு வரை பொறுப்பது. நிலநடுக்கம், வெள்ளம் போன்ற முதல் நாள் அவசரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்கு, அந்த இடத்தில் முன்பே வேலை செய்துகொண்டிருக்கும், முன்பே தெரிந்த நிவாரண அமைப்புக்கு அனுப்பலாம்.

இரண்டாவது, "அங்கே யார் ஏற்கெனவே இருக்கிறார்கள்?" என்று தேடுவது. ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒரு மறைமாவட்டமோ திருச்சபைகள் மன்றமோ கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸின் கிளையோ உண்டு. அவர்களுடைய அறிக்கைகள் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். வீடியோ கேட்பதும் அவர்கள் கேட்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 2012 மார்ச்சில் அரைமணி நேரம் இப்படித் தேடியிருந்தால் ஒடாமாவின் குரலும் ஒச்சோலாவின் குரலும் கிடைத்திருக்கும். இருவரும் ராணுவ வேட்டையை எதிர்த்துவந்தவர்கள். நேரம் இல்லாதவர் மற்றப் படிகளை விட்டாலும் இந்தப் படியை விடக்கூடாது.

மூன்றாவது, படத்தைப் பரிசோதிப்பது. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் அது முதலில் எப்போது, எந்த ஊர்ப் பெயரோடு வந்தது என்பது பல நேரம் தெரிந்துவிடும். பழைய படம் புது ஊர்ப் பெயரோடு சுற்றுவது சாதாரணம். சிகிச்சைக்காகப் பணம் கேட்கும் செய்திகளில் தேதி இருக்காது. குழந்தை குணமாகி, அல்லது இறந்தே போய், வருடங்கள் ஆன பிறகும் அந்தக் குடும்பத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" என்ற யாத்திராகமம் 23:1, நல்ல நோக்கத்தோடு அனுப்பும் பொய்க்கும் விலக்குத் தரவில்லை.

நான்காவது, பணம் போகும் கணக்கு. யூபிஐயில் எண்ணைப் போட்டதும் தெரியும் பெயரும் செய்தியில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். சிகிச்சை என்றால் நோயாளியின் மருத்துவமனைப் பதிவு எண்ணைச் சொல்லி, மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்ட முடியுமா என்று கேட்கலாம். அறக்கட்டளை என்றால் பதிவு எண், வருமான வரி விலக்குச் சான்று, தணிக்கை செய்த கடைசி ஆண்டுக் கணக்கு.

வாலிபர் ஐக்கியமோ சேகரக் கமிட்டியோ தானே சேர்க்கிறது என்றால்: எண்ணுவதற்கு உறவினர் அல்லாத இருவர், ரசீதுப் புத்தகம், கமிட்டித் தீர்மானம், அனுப்பியதற்கான வங்கிச் சான்று, அடுத்த மாதமே ஆராதனையில் வாசிக்கும் கணக்கு. வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சபைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதைத் தொடக்கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். பாசத்தோடு வந்த பணத்தால் சபை வழக்கில் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

சந்தேகமே வழக்கமாகிவிட்டால்

கோனி 2012க்குப் பிறகு பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். எந்த வேண்டுகோளும் மோசடி, எந்த நிறுவனமும் வியாபாரம். இதுவும் லேவியன் நடந்து போன பாதைதான்; கையில் செய்தித்தாள் இருந்தது என்பது மட்டுமே வித்தியாசம். உண்மையில் அதே இன்விசிபிள் சில்ட்ரன் காங்கோ கிராமங்களுக்கிடையே வானொலி எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை நடத்தியது. காட்டிலுள்ள வீரர்களை வீட்டுக்கு அழைக்கும் துண்டுப் பிரசுரங்களும் வானொலிச் செய்திகளும் அதன் உதவியோடு போயின. ஆயர்கள் கேட்டதற்கு மிக அருகில் இருந்த வேலை அது. ஆனால் சுவரொட்டியில் போட முடியாத அளவுக்கு மெதுவானது.

சகோதரனுக்குக் குறைச்சல் உண்டென்று கண்டு தன் இருதயத்தை அடைத்துக்கொள்ளுகிறவனை 1 யோவான் 3:17 சும்மா விடவில்லை. நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்ததோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலும் ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். திரும்பி வருவேன் என்ற அந்த வாக்கு எந்த வைரல் வீடியோவிலும் இல்லை. விசாரித்துத் தெரிந்த பிறகு, ஒரே ஓர் இடத்துக்கு, மாதம் 200 ரூபாயானாலும், மூன்று வருடம் கொடுப்பது அந்த வாக்குக்கு நெருங்கி வருகிறது.

வடக்கு உகாண்டாவில் இப்போது

பத்து வயதை எட்டுமுன் கடத்தப்பட்டு, பின்னாளில் எல்.ஆர்.ஏ. தளபதியான டொமினிக் ஒங்வென் 2015 ஜனவரியில் சரணடைந்தான். 2021இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 61 குற்றங்களில் அவனைக் குற்றவாளி என்று கண்டு 25 வருடச் சிறை விதித்தது. கோனியைத் தேடும் பணியை அமெரிக்காவும் உகாண்டாவும் 2017இல் நிறுத்திக்கொண்டன. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் கோனி இல்லாமலேயே, அவன் மேலுள்ள குற்றச்சாட்டுகளை உறுதிசெய்வதற்கான விசாரணையை நடத்தியது.

2024 பிப்ரவரியில் ஒங்வென் வழக்கில் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 49,772 பேர். ஒவ்வொருவருக்கும் 750 யூரோ. கூட்டு உதவிகளையும் சேர்த்தால் மொத்தம் 5.2 கோடி யூரோவுக்கு மேல். ஒங்வெனிடம் பணம் இல்லை. தொகையைத் திரட்டும் பொறுப்பு நீதிமன்றத்தின் பாதிக்கப்பட்டோர் அறக்கட்டளை நிதியிடம் போயிருக்கிறது. அந்த நிதி அரசுகளிடம் மட்டுமல்லாமல் தனி மனிதரிடமும் அமைப்புகளிடமும் நன்கொடை வாங்குகிறது. இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் லுகோடி, ஒடெக், அபோக், பஜூலே என்ற நான்கு முகாம்களில் தாக்கப்பட்டவர்களும், காட்டில் பிள்ளை பெற நேர்ந்த பெண்களும், அந்தப் பிள்ளைகளும், கடத்திப் படையில் சேர்க்கப்பட்ட சிறுவர்களும்.